எடுத்தோம், கவிழ்த்தோம் என்று வேண்டாம்!



தலைப்பைப் பார்த்ததும் ஏதோ 'அவசரப்படாமல் படியுங்கள்' என்று சொல்லும் அறிவுரைக் கட்டுரை என நினைத்துப் பக்கத்தைத் தள்ளிவிடாதீர்கள். நான் பேசப் போவது ஒரு வண்டியைப் பற்றி. நிஜமாகவே எடுத்து, நிஜமாகவே கவிழ்த்த வண்டி!

நாங்கள் முதலாமாண்டில் இருந்தபோது, சீனியர் அண்ணன்கள் ஆறு பேர் ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டாக ஒரு 'டியூன் பக்கி' செய்தார்கள். மணல் மேட்டில் ஓடும் அந்தக் கூரையில்லாத குட்டி வண்டியைப் படத்தில் பார்த்திருப்பீர்கள். காயலான் கடையில் வாங்கிய ஆட்டோ ரிக்‌ஷாவின் பின்பாதி அப்படியே என்ஜின், கியர்பாக்ஸ், சஸ்பென்ஷனாக அமைந்தது. முன்பாதிக்குக் குழாயை வளைத்து வெல்டிங் அடித்தார்கள். ட்ராயிங் எது தெரியுமா? ஹாஸ்டல் சுவரில் ஒட்டியிருந்த கலிஃபோர்னியா பக்கியின் வண்ணப்படம்! படத்தில் பின்பக்கம் தூக்கலாக இருந்தது. எனவே இதிலும் தூக்கினார்கள். படத்தில் டயர் பெரிசு. எனவே இதிலும் பெரிசு. சும்மா சொல்லக் கூடாது, பார்க்க ராஜா மாதிரி இருந்தது.

கண்காட்சி நாளன்று மைதானத்தில் ஓட்டிக் காட்டினார்கள். இரண்டு சுற்று நன்றாகவே போனது. மூன்றாவது சுற்றில் எங்கள் விசிலும் கைதட்டலும் கூடிப் போக, அண்ணன் கொஞ்சம் அழுத்தினார். வளைவில் உள்பக்கச் சக்கரம் தரையை விட்டு எழுந்தது. அவ்வளவுதான், வண்டி உருண்டுவிட்டது. தலைக்கு மேல் இருந்த குழாய் வளைவு உயிரைக் காத்தது. ஆனாலும் காறை எலும்பு முறிந்து, கையைத் தொட்டில் கட்டிக்கொண்டுதான் அவர் வைவாவுக்கு வந்தார்.

அன்று மைதானத்தில் எல்லோரும் ஒரே குரலில் சொன்னது: "அவனுக்கு ஓட்டத் தெரியலப்பா!"

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். பழமொழி ஆடியவளைத்தான் கேலி செய்கிறது. ஆனால் இங்கே உண்மையிலேயே கூடம்தான் கோணல் என்பது என் கட்சி. அதை நிரூபிக்க, அந்தச் சுவர்ப் படம் எங்கிருந்து வந்ததோ அந்த ஊருக்கே போய் வருவோம், வாருங்கள்.

படகு கட்டியவர் கட்டிய வண்டி

அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்தில் நியூபோர்ட் பீச் என்ற கடற்கரை ஊர். அங்கே புரூஸ் மேயர்ஸ் (1926–2021) என்பவர் ஃபைபர் கிளாஸில் படகு செய்யும் கைவினைஞர், அலைச்சறுக்குப் பிரியர். கடற்கரை மணலில் அப்போது ஓடிக்கொண்டிருந்த வண்டிகள் கனமான இரும்புக் குவியல்கள். 'படகு கட்டுகிற முறையிலேயே ஒரு வண்டி கட்டினால் என்ன?' என்று இறங்கி, 1964-இல் ஒரு சிவப்பு வண்டியை முடித்தார். அதுதான் 'மேயர்ஸ் மேங்க்ஸ்'. அந்த முதல் வண்டிக்கு 'ஓல்டு ரெட்' என்று செல்லப் பெயர்.

என்ஜினும் கியர்பாக்ஸும் ஃபோக்ஸ்வாகன் பீட்டில் காருடையவை. ஏன் பீட்டில்? ரேடியேட்டர் கிடையாது, காற்றிலேயே குளிரும் என்ஜின். அதுவும் பின்னால் இருப்பதால் ஓட்டும் சக்கரங்கள் மேல் எடை விழும். மணலில் பிடிப்பு கிடைக்கும். விலையும் மலிவு. முதல் பன்னிரண்டு வண்டிகளில் ஃபைபர் கிளாஸ் உடலே சேஸிஸாகவும் வேலை செய்தது. அதைச் செய்யச் செலவு அதிகம் பிடித்ததால், பிறகு பீட்டிலின் தரைத்தட்டையே எடுத்து, நடுவில் 14¼ அங்குலம் வெட்டி ஒட்டி, அதன் மேல் ஃபைபர் கிளாஸ் தொட்டியை வைத்தார். சக்கர இடைவெளி 94½ அங்குலத்திலிருந்து 80 அங்குலத்துக்கு இறங்கியது.

1967-இல் மேயர்ஸும் டெட் மாங்கெல்ஸும் மெக்சிகோவின் பாஹா தீபகற்பத்தில் லா பாஸிலிருந்து டிஹுவானா வரை ஓல்டு ரெட்டை 34 மணி 45 நிமிடத்தில் ஓட்டி வந்தார்கள். அதற்கு முன் மோட்டார் சைக்கிள் வைத்திருந்த சாதனையை ஐந்து மணி நேரத்துக்கு மேல் முறியடித்துவிட்டார்கள்! அதே ஆண்டு நடந்த முதல் 'மெக்சிகன் 1000' பந்தயத்திலும் மேங்க்ஸ்தான் முதலில் வந்தது. புகழ் வந்ததும் நகல்களும் வந்தன. மேயர்ஸ் காப்புரிமை வழக்குப் போட்டுத் தோற்றார். 1971-இல் கம்பெனியையே மூடும்படி ஆகிவிட்டது. உருவத்தை நகல் எடுப்பது எவ்வளவு சுலபம் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டுமா?

மணலில் சிங்கம், சாலையில்?

இனிதான் விஷயமே இருக்கிறது. மணலில் சக்கரம் வழுக்கிக்கொண்டே போகும். வண்டி கவிழும் அளவுக்குப் பிடிப்பு எளிதில் கிடைக்காது. தார்ச்சாலை அப்படியல்ல, கெட்டியாகப் பிடிக்கும். மணலுக்குச் செய்த வண்டியைக் கடைத் தெருவுக்கும் ஓட்டிப் போக விரும்பியவர்கள் அங்கேதான் பாடம் படித்தார்கள்.

பீட்டில் கார் ஏறத்தாழ 800 கிலோ. தகர உடலைக் கழற்றிப் பக்கி ஆக்கினால் 600 கிலோவை ஒட்டி வந்துவிடும். "எடை குறைந்தால் நல்லதுதானே?" என்பீர்கள். நல்லதுதான். ஆனால் மீதி எல்லாம் பழைய 800 கிலோவுக்கு என்று கணக்குப் போட்டுச் செய்தவை ஆயிற்றே! இருநூறு கிலோவை இறக்கிவிட்டு மற்றதைத் தொடாமல் விட்டால் என்ன ஆகும்? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில் பின் சஸ்பென்ஷன். பீட்டிலின் பின்பக்கம் டார்ஷன் பார், அதாவது முறுக்கிக்கொண்டே எடை தாங்கும் எஃகுத் தண்டு. எடை குறைந்ததும் அதன் முறுக்குத் தளர்ந்து, வண்டியின் பின்பக்கம் மேலே எழும்பி நிற்கும். பழைய பீட்டில்களில் பின்னால் 'ஸ்விங் ஆக்சில்' அமைப்பு. அச்சு கியர்பாக்ஸ் பக்கம் மட்டுமே மடங்கும். சக்கரத்தின் பக்கம் மூட்டு கிடையாது. எனவே பின்பக்கம் உயர்ந்தால் சக்கரங்களின் அடிப்பாகம் உள்ளே ஒடுங்கி, மேல்பாகம் வெளியே சாயும். அந்த நிலையில் வேகமாக வளைத்தால், வெளிச் சக்கரத்தைச் சாலை பக்கவாட்டில் தள்ளும் விசை வண்டியை இன்னும் மேலே தூக்கும். சக்கரம் இன்னும் உள்ளே மடியும். ஜாக்கி போட்டுத் தூக்குவது போலவே! ஓட்டுகிறவன் பயந்து சடக்கென்று ஆக்சிலரேட்டரை விட்டால் எடை முன்னால் பாயும், பின்பக்கம் மேலும் எழும்பும், கதை முடிஞ்சது.

இது பக்கிக்கு மட்டும் வந்த வியாதி அல்ல. 1960–63 செவர்லே கார்வேர் காரிலும் இதே ஸ்விங் ஆக்சில்தான். ரால்ஃப் நேடர் 1965-இல் எழுதிய புகழ்பெற்ற புத்தகத்தின் முதல் அத்தியாயமே அந்தக் காரைப் பற்றியதுதான். கம்பெனி 1964 மாடலில் குறுக்கே ஒரு பட்டை ஸ்பிரிங் வைத்தது. 1965-இல் அமைப்பையே மாற்றியது. அமெரிக்காவுக்கு வந்த பீட்டில்களும் 1969 மாடலில் இரண்டு பக்கமும் மூட்டுள்ள அச்சுக்கு மாறிவிட்டன.

பழைய தட்டை வைத்துப் பக்கி கட்டியவர்கள் என்ன செய்தார்கள்? டார்ஷன் பாரைக் கழற்றிப் பல் மாற்றிப் போட்டார்கள். அந்தத் தண்டின் உள்முனையில் 40 பல், வெளிமுனையில் 44 பல். உள்ளே ஒரு பல் நகர்த்தினால் 9 டிகிரி. வெளியே ஒரு பல் நகர்த்தினால் 8 டிகிரி சொச்சம். இதை ஒரு பக்கமும் அதை எதிர்ப்பக்கமும் ஒவ்வொரு பல் நகர்த்தினால் வித்தியாசம் முக்கால் டிகிரிக்குச் சற்று மேல். பல்லின் எண்ணிக்கையை வேறுபடுத்தியே எவ்வளவு நுணுக்கமாகச் சரி செய்ய வழி வைத்திருக்கிறான், பார்த்தீர்களா? இதற்குக் காசு வேண்டாம். ஒரு மாலைப் பொழுதும் கோணமானியும் போதும். கூடவே 'கேம்பர் காம்பன்சேட்டர்' என்ற குறுக்குப் பட்டையை கியர்பாக்ஸுக்கு அடியில் மாட்டி, சக்கரம் உள்ளே மடிவதைத் தடுத்தார்கள்.

இரண்டாவது முன்பக்கம். நூறு கிலோவுக்கு மேல் உள்ள என்ஜின் பின் அச்சுக்கும் பின்னால் தொங்குகிறது. முன்னால் இருந்த உடலும் கண்ணாடியும் போய்விட்டன. முன் சக்கரத்தின் மேல் எடையே இல்லை. ஸ்டியரிங்கைத் திருப்பினாலும் வண்டி நேராகவே போகப் பார்க்கும். "முன்னாலும் அகலமான டயர் போட்டால் பிடிக்கும்" என்று சிலர் போடுகிறார்கள். எடையில்லாத சக்கரத்துக்கு அகலம் எதற்கு? ஈரத்தில் அது இன்னும் மிதக்கும். பீட்டிலுக்கே காற்று முன்னால் 16 முதல் 18 பவுண்டு, பின்னால் 24 முதல் 27 பவுண்டு என்றுதான் வைத்தார்கள். அதைவிட இலேசான பக்கியில் நாலு சக்கரத்திலும் முப்பது பவுண்டு அடித்துவிட்டு "வண்டி துள்ளுது மச்சி" என்றால் வண்டி என்ன செய்யும்?

மூன்றாவது காஸ்டர் கோணம். கை விட்டால் ஸ்டியரிங் தானே நேராகத் திரும்புவதற்குக் காரணம் இதுதான் என்று பாடத்தில் எழுதி மார்க் வாங்கியிருக்கிறோம். பீட்டிலில் அது சுமார் 3 டிகிரி. ஸ்டைலுக்காகப் பின்னால் பெரிய டயர் போட்டு 75 மில்லிமீட்டர் தூக்கினால், 80 அங்குல நீளத்தில் வண்டி முழுக்க 2 டிகிரி முன்னால் குனிந்துவிடும். மூன்றில் இரண்டு போனால் மிச்சம் ஒன்று! நேர்ச்சாலையில் வண்டி பாம்பு மாதிரி அலையும். கலிஃபோர்னியாக்காரர்கள் முன் பீமின் கீழ்க்குழாய்க்குப் பின்னால் ஆப்பு வடிவத் தகடு வைத்து, இழந்த கோணத்தை மீட்டார்கள்.

நான்காவது பிரேக். முன்னால் பெரிய டிஸ்க் பிரேக் போட்டால் கௌரவம்தான். ஆனால் எடையில்லாத முன் சக்கரம் உடனே லாக் ஆகும். லாக் ஆன சக்கரம் திரும்பாது. பிரேக்கின் பலத்தைவிட முன்னுக்கும் பின்னுக்கும் உள்ள பங்கீடுதான் முக்கியம்.

கடைசியாக வெட்டி ஒட்டிய தட்டு. வெல்டிங் வைக்கும் முன் மூலைக்கு மூலை இரண்டு பக்கமும் டேப் பிடித்துப் பார்க்காவிட்டால், முன் அச்சும் பின் அச்சும் இணையாக நிற்காது. அந்த வண்டி நண்டு மாதிரி ஒருச்சாய்ந்தே போகும். நான் சொன்ன கூடத்தின் கோணல் சில நேரம் இப்படி அளவுகோலிலேயே தெரியும்.

இந்த ஐந்திலும் என்ஜின் பற்றி ஒரு வார்த்தை உண்டா? இல்லை. வண்டி சொன்னபடி கேட்பது குதிரைத் திறனில் இல்லை. எடை எங்கே நிற்கிறது, டயர் தரையில் எப்படி நிற்கிறது என்பதில் இருக்கிறது.

நம் வண்டியை எடை போட்டோம்

சீனியர்கள் வெளியே போன பிறகும் அந்தப் பக்கி ஒர்க் ஷாப் பின்னால் வேப்ப மரத்தடியில் கிடந்தது. போன ஆண்டு நாங்கள் நாலு பேர் பழைய பேப்பர் கடையிலிருந்து எடைமேடை ஒன்றை இரவல் வாங்கி வந்தோம். ஒவ்வொரு சக்கரமாக மேடையில் ஏற்றி, மற்ற மூன்றுக்கும் அதே உயரத்துக்குப் பலகை கொடுத்து, ஓட்டுநர் இடத்தில் 65 கிலோ நண்பன் ஒருவனை உட்கார வைத்து எடை போட்டோம். மொத்தம் 320 கிலோ. முன்னால் 96, பின்னால் 224. முப்பதுக்கு எழுபது!

பிறகு சஸ்பென்ஷனை மரக்கட்டை வைத்து இறுக்கி, பிரேக்கை விட்டுவிட்டு, முன் அச்சை 400 மில்லிமீட்டர் உயர்த்தினோம். சக்கர இடைவெளி 1700 மில்லிமீட்டர். உயர்த்தியதில் முன் எடை 20 கிலோ குறைந்தது. அந்த 20 கிலோவைச் சக்கர இடைவெளியால் பெருக்கி, மொத்த எடையையும் சாய்வுக் கோணத்தின் டேன்ஜென்ட்டையும் பெருக்கி வந்ததால் வகுத்தால், ஈர்ப்பு மையம் அச்சுக்கு மேல் சுமார் 440 மில்லிமீட்டரில் இருக்கிறது. அச்சின் உயரம் 250. ஆக, தரையிலிருந்து 690! ஆனால் பின் சக்கரங்களின் அகலமோ 1150தான்.

அகலத்தில் பாதியை அந்த உயரத்தால் வகுங்கள். 0.83 வருகிறது. அதாவது புவியீர்ப்பில் 0.83 பங்கு பக்கவாட்டு விசை வந்தாலே வண்டி கவிழும். 10 மீட்டர் ஆரமுள்ள வளைவில் அதற்கு என்ன வேகம் வேண்டும்? மணிக்கு 32 கிலோமீட்டர்! டவுன் பஸ்கூட அதைவிட வேகமாகப் போகும். சஸ்பென்ஷன் சாய்வதையும் மைதானத்துப் பள்ளத்தையும் சேர்த்தால் இன்னும் குறைவு. கெட்டித் தரையில் நல்ல டயரின் பிடிப்பு 0.8 அளவை எட்டும். எனவே அந்த வண்டி வழுக்குவதற்குள் கவிழ்ந்துவிடக் கூடியது. அண்ணன் மேல் என்ன தப்பு சொல்லுங்கள்?

கவிழ்வதற்கு முன் வழுக்க வேண்டும். வழுக்குகிற வண்டி ஓட்டுகிறவனுக்கு எச்சரிக்கை கொடுக்கிறது. அவன் வேகத்தைக் குறைத்துத் தப்பிக்கலாம். கவிழ்கிற வண்டி ஒரு வார்த்தைகூடச் சொல்லாது. நல்ல ஹேண்ட்லிங் என்பதற்கு நான் தரும் முதல் இலக்கணம் இதுதான்.

சரி செய்ய முடியுமா? சீட்டை 150 மில்லிமீட்டர் இறக்கினால் பெரிய மாற்றம் வரும் என்றுதான் நாங்கள் நினைத்தோம். கணக்குப் போட்டால் ஈர்ப்பு மையம் வெறும் 30 இறங்குகிறது, ஏனென்றால் ஆள் எடை மொத்தத்தில் ஐந்தில் ஒரு பங்குதான். பெரிய டயரைக் கழற்றிச் சேஸிஸையும் 100 இறக்கினால் இன்னும் 80 குறையும். சக்கர அகலத்தை 200 கூட்டினால் 0.83 என்பது 1.16 ஆகிறது. இப்போது அது வழுக்கும், சுலபத்தில் கவிழாது. செலவு? சில அடி குழாயும் ஒரு கட்டு வெல்டிங் ராடும். ஆனால் சுவரில் இருந்த அந்தப் படம் போல இருக்காது. அவ்வளவுதான் நஷ்டம்!

நாலு பேர் கேட்கும் கேள்விகள்

"ப்ராஜெக்ட்தானேப்பா, ரிவியூ வந்துடும், இதுக்கெல்லாம் நேரம் ஏது?" என்பார்கள். எடை போடவும் கணக்குப் போடவும் எங்களுக்கு ஆனது ஒரு சனிக்கிழமை. பெயிண்ட் அடிக்கச் சீனியர்களுக்கு ஆனது ஒரு வாரம்.

"ரோட்டில் ஓட்டப் போவதில்லையே?" என்பார்கள். உண்மைதான். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவுப்படி, உற்பத்தியாளர் குறிப்பிட்டதற்கு மாறாக வண்டியை மாற்றிச் சாலையில் ஓட்ட முடியாது. இதை உச்ச நீதிமன்றமும் 2019-இல் உறுதி செய்திருக்கிறது. நம் பக்கி மைதானத்தைத் தாண்டக் கூடாது. ஆனால் எலும்பு முறிவதற்குச் சாலை தேவையில்லை என்பதை நாம் கண்ணாலேயே பார்த்துவிட்டோமே!

"ஓட்டத் தெரிஞ்சவனுக்கு எந்த வண்டியும் ஓடும்" என்பது மூன்றாவது வாதம். இது எனக்குக் கோபத்தை வரவழைக்கும் வாதம். நாளைக்கு நாம் செய்கிற, பழுது பார்க்கிற வண்டிகளை ஓட்டப் போவது யாரோ. அவன் நம்மைவிடக் கெட்டிக்காரனாக இருப்பான் என்று நம்பி வேலை செய்வதா நாம் படிக்கும் தொழில்?

ஆகவே ஜூனியர் தம்பிகளுக்கு நான் கேட்டுக்கொள்வது நாலே விஷயம். பக்கியோ, கோ-கார்ட்டோ எதைச் செய்தாலும், நாலு சக்கரத்தின் எடையையும் ஈர்ப்பு மைய உயரத்தையும் ஒரு அட்டையில் எழுதி வண்டியிலேயே மாட்டுங்கள். கையில் இருக்கும் பணத்தில் முதல் பங்கைச் சஸ்பென்ஷனுக்கும் பிரேக்குக்கும் கொடுங்கள். மிச்சத்தை என்ஜினுக்கு வையுங்கள். மைதானத்தில் சுண்ணாம்புத் தூளால் 10 மீட்டர் ஆரத்தில் வட்டம் போட்டு, வேடிக்கை பார்ப்பவர்களைத் தூர நிறுத்தி, ஹெல்மெட்டும் பெல்ட்டும் போட்டுக்கொண்டு, மெதுவாக ஆரம்பித்துச் சுற்றுங்கள். உங்கள் அட்டை சொல்லும் எல்லைக்கு வெகு முன்பே நிறுத்திவிடுங்கள். பொறியியல் கல்லூரி மாணவர்களுக்காக 2007 முதல் நம் நாட்டில் நடக்கும் பாஹா போட்டியில், பிரேக் அடித்தால் நாலு சக்கரமும் லாக் ஆனால்தான் வண்டியைக் களத்துக்கே விடுவார்கள். அந்தச் சோதனையை நாமும் வைத்துக்கொள்வோம்.

ஆசிரியர்களுக்கும் ஒரு பணிவான வேண்டுகோள். வைவாவில் "என்ன சி.சி.? என்ன மைலேஜ்?" என்று கேட்கும்போது, "ஈர்ப்பு மையம் எங்கே இருக்கு, காட்டு" என்றும் கேளுங்கள் ஐயா. நீங்கள் அதைக் கேட்பீர்கள் என்று தெரிந்தால் நாங்கள் கட்டாயம் அளந்து வைப்போம். எங்கள் குணம் உங்களுக்குத் தெரியாதா என்ன!

காறை எலும்பு முறிந்த அந்த அண்ணன் பழைய மாணவர் சந்திப்புக்கு வந்திருந்தார். எங்கள் எடை அட்டையை அவரிடம் காட்டினோம். நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அப்போ நான் ஒழுங்காத்தான்டா ஓட்டியிருக்கேன்" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் இத்தனை நாளும் அதை மனதில் சுமந்திருக்கிறார் என்பது எங்களுக்குப் புரிந்தது.

அந்த வண்டியை இந்த ஆண்டு நாங்கள் அகலப்படுத்திக்கொண்டிருக்கிறோம். முடிந்ததும் முதல் சுற்று அவர்தான் ஓட்ட வேண்டும் என்று சொல்லி வைத்திருக்கிறோம்.

— மூன்றாம் ஆண்டு, ஆட்டோமொபைல் பிரிவு